கோடையில் மூன்று இணையவழிப் பாடங்கள்: ஆறு வாரத்தில் முடியுமா?

கேள்வி, 6 ஏப்ரல் 2025

நாங்கள் கலிஃபோர்னியாவில், சான் ரமோனில் இருக்கிறோம். என் மகள் ஜூன் தொடக்கத்தில் 11ஆம் வகுப்பை முடிக்கிறாள். கோடை விடுமுறையில் கம்யூனிட்டி கல்லூரியில் (இரண்டாண்டு அரசுக் கல்லூரி) நிதிக் கணக்கியல், மேடைப் பேச்சு, கல்வியியல் அறிமுகம் ஆகிய மூன்றையும் இணையவழியில் எடுக்க நினைக்கிறாள். மூன்றுமே ஆறு வாரப் பாடங்கள். கோடைப் பாடம் எளிது, நேரலை வகுப்பு கிடையாது, தோன்றும்போது படித்துக்கொள்ளலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எடுத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பதில், 6 ஏப்ரல், இரவு

மூன்றும் முடியாது. உங்கள் மகளின் திறமையைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது; பெருக்கல் வாய்பாடு தெரியும், அதை வைத்துச் சொல்கிறேன். கலிஃபோர்னியாவில் ஒரு செமஸ்டர் யூனிட் என்றால், வகுப்பு நேரமும் வீட்டில் படிக்கும் நேரமும் சேர்த்து 48 முதல் 54 மணி நேரம் வேலை. அதே பாடத்தை 16 வாரத்தில் நடத்தினாலும் ஆறு வாரத்தில் நடத்தினாலும் இந்த நேரம் குறைவதில்லை. கணக்கியல் 4 யூனிட், மற்ற இரண்டும் தலா 3 யூனிட் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 10 யூனிட், அதாவது 480 முதல் 540 மணி நேரம். ஆறால் வகுத்தால் வாரத்துக்கு 80 முதல் 90 மணி நேரம் வருகிறது. முழுநேர வேலையில் இருக்கும் ஒருவர் வாரத்துக்கு உழைப்பது 40 மணி நேரம்.

நான் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறேன். 2016 முதல் ஐந்து கோடைகளில் இப்படிப் பாடம் எடுத்திருக்கிறேன். என் மகனும் பள்ளியில் படிக்கும்போது ஒன்று எடுத்தான். எடுத்த ஒவ்வொரு முறையும், இது எளிது என்று எனக்குச் சொன்னவர்கள் அந்தப் பாடத்தை எடுக்காதவர்களாகவே இருந்தார்கள்.

கட்டணத்தைப் பொறுத்தவரை கவலை வேண்டாம். மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு டி ஆன்சா உள்பட எல்லாக் கம்யூனிட்டி கல்லூரிகளிலும் யூனிட்டுக்கு 46 டாலர்தான். 2012 கோடையில் 36இலிருந்து உயர்த்தியதற்குப் பிறகு அந்தத் தொகை மாறவில்லை.

7 ஏப்ரல்

திருத்தம். டி ஆன்சாவும் ஃபுட்ஹில்லும், ஆண்டை செமஸ்டரைவிடக் குறுகிய பருவங்களாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறையில் நடப்பவை, அங்கே யூனிட்டுக்கு 31 டாலர் என்று ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். சரிதான். ஒன்றரை குவார்ட்டர் யூனிட் ஒரு செமஸ்டர் யூனிட்டுக்குச் சமம் என்பதால் கடைசியில் செலவு ஏறக்குறைய ஒன்றே. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், “அங்கே மேடைப் பேச்சு 5 யூனிட், இங்கே 3 யூனிட்தான், ஆகவே அங்கே எடுப்பது லாபம்” என்று கணக்குப் போடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஐந்து குவார்ட்டர் யூனிட்டை மாற்றினால் மூன்றேகால் செமஸ்டர் யூனிட்டுக்குச் சற்று மேல் வரும், அவ்வளவே.

9 ஏப்ரல்

உயர்நிலைப் பள்ளி மாணவர் என்பதால் இன்னும் இரண்டு செய்திகள்.

முதலாவது, பகுதிநேரமாகச் சேரும் பள்ளி மாணவர்களுக்குப் பெரும்பாலான கல்லூரிகள் இந்த யூனிட் கட்டணத்தையே வாங்குவதில்லை. உடல்நலக் கட்டணம், புத்தகம் போன்றவை கல்லூரிக்குக் கல்லூரி மாறும்.

இரண்டாவது, பள்ளி முதல்வரின் பரிந்துரை வேண்டும். ஒரு வகுப்பை முடித்த மாணவர்களில் 5 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களைக் கோடைப் பாடங்களுக்கு முதல்வர் பரிந்துரைக்கக் கூடாது என்று மாநிலக் கல்விச் சட்டத்தில் ஒரு வரம்பு உண்டு. சில வகைப் பாடங்களுக்கு விலக்கும் உண்டு. நூற்றுக்கு ஐந்து என்பதால் படிவத்தை முதலில் நீட்டியவருக்கு வாய்ப்பு அதிகம். என் மகனுக்கு 2023இல் இந்தப் படிவத்தை மே கடைசி வாரத்தில்தான் கொண்டுபோனோம். கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பில் இருந்தார், அவருக்குப் பதிலாகப் போடக்கூடியவர் யார் என்பது அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. பள்ளி மூடுவதற்கு முதல் நாள் மாலை கையெழுத்துக் கிடைத்தபோது அவன் விரும்பிய பிரிவு நிரம்பி, வெயிட்லிஸ்டில் (காத்திருப்போர் பட்டியலில்) 11ஆம் இடத்தில் நின்றான். ஏப்ரல் முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.

13 ஏப்ரல்

மூன்று பாடங்களையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது என்று நேற்று முழுவதும் தோன்றிக்கொண்டிருந்தது. மணிக்கணக்கு மூன்றுக்கும் பொது. ஆனால் திரைக்கு வெளியே ஒவ்வொரு பாடமும் கேட்பது வேறுவேறு. முதலில் கணக்கியல்.

நான் ஈரோட்டில் பிளஸ் டூ வணிகவியலைத் தமிழ்வழியில் படித்து, பிறகு பி.காம். முடித்தவள். 2019 கோடையில் நிதிக் கணக்கியலை ஆறு வாரப் பாடமாக எடுத்தபோது, தெரிந்ததைத் திரும்பப் படிக்கப் போகிறோம் என்ற மிதப்பில்தான் உட்கார்ந்தேன். முதல் வாரமே அது இறங்கிவிட்டது. நமக்குச் சொல்லிக்கொடுத்தது மூன்று விதிகள்: பெறுபவர் கணக்கைப் பற்று வை, தருபவர் கணக்கை வரவு வை, உள்வருவதைப் பற்று வை, வெளிச்செல்வதை வரவு வை, செலவுகளையும் நட்டங்களையும் பற்று வை, வருமானங்களையும் ஆதாயங்களையும் வரவு வை. ஆள்சார் கணக்கா, சொத்துக் கணக்கா, பெயரளவுக் கணக்கா என்று கேட்டுக்கொண்டே குறிப்பேட்டில் பதிவோம். இங்கே அந்தப் பிரிவுகளே கிடையாது. சொத்துகள் = பொறுப்புகள் + முதல் (உரிமையாளரின் பங்கு) என்ற ஒரு சமன்பாட்டை முதல் நாளில் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு நடவடிக்கையும் அந்தச் சமன்பாட்டின் எந்தப் பக்கத்தைக் கூட்டுகிறது, எதைக் குறைக்கிறது என்று கேட்கிறார்கள். விடை ஒன்றாகத்தான் வரும். ஆனால் மனம் ஒரு வழியில் விதியைத் தேட, கை இன்னொரு வழியில் எழுத, பாதி நேரம் எனக்குள்ளேயே மொழிபெயர்ப்பில் போயிற்று. சரக்கிருப்பை மதிப்பிடும்போது, கடைசியில் வந்த சரக்கு முதலில் விற்றதாகக் கொள்ளும் முறை அமெரிக்கக் கணக்கியலில் இன்றும் செல்லும்; இந்தியத் தரநிலையிலும் பன்னாட்டுத் தரநிலையிலும் அதற்கு இடமில்லை. பி.காம். படித்த எனக்கே அது ஒரு முழு மாலையைத் தின்றது.

பாடநூலில் பதின்மூன்று அத்தியாயங்கள், வாரம் இரண்டுக்கு மேல். மூன்றாம் வாரத்தில் எனக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் புத்தகத்தைத் திறக்கவில்லை. 16 வாரப் பாடத்தில் மூன்று நாளை விட்டால் ஒரு வீட்டுப்பாடம் போகும். ஆறு வாரப் பாடத்தில் சரிக்கட்டுப் பதிவுகள் என்ற அத்தியாயம் முழுவதும் போய், அதன்மேல் கட்டப்பட்ட அடுத்த அத்தியாயமும் ஆட்டம் கண்டு, வெள்ளிக்கிழமைத் தேர்வும் வந்து நின்றது. தேய்மானத்தையும் முன்கூட்டிச் செலுத்திய செலவையும் கணக்கில் கொண்டுவரும் கை, நாளுக்கு நான்கு கணக்கு வீதம் பத்து நாள் போட்டால் பழகும். ஒரே நாளில் நாற்பது கணக்குப் போட்டாலும் பழகாது. சமையலில் தோசைக்கு மாவு புளிப்பதற்கு ஆகும் நேரத்தைப் போன்றது அது. அடுப்பைக் கூட்டி வைத்தால் சீக்கிரம் புளித்துவிடாது.

முடிவில் பி கிரேடு கிடைத்தது.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாடக் கட்டணம் 184 டாலர்; வீட்டுப்பாட மென்பொருளுக்கான நுழைவுக் குறியீட்டுக்கு மட்டும் அதில் பாதிக்கு மேல் போயிற்று. இப்போது புத்தகச் செலவு இல்லாத பிரிவுகளுக்குப் பாட அட்டவணையில் தனிக் குறியீடு போடுகிறார்கள். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் கணக்கியல் பாடநூலையும் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். பதிவு செய்யும் முன் அட்டவணையில் அந்தத் தனிக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள்.

14 ஏப்ரல்

மூன்று விதிகள் பழையன, அவற்றை விட்டுவிடச் சொல்லுங்கள் என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். நான் விடச் சொல்லவில்லை. பற்றையும் வரவையும் கூட்டிச் சரிபார்க்கும் இருப்பாய்வு சமன்படாத இரவில் என்னைக் காப்பாற்றியது அந்த மூன்று விதிகள்தான்: 900 டாலர் வாடகையை வரவு வைத்திருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது. வித்தியாசம் 1,800 என்றால் பாதித் தொகையைத் தேடு என்று எங்கள் வணிகவியல் ஆசிரியை சொல்லிக்கொடுத்தது இந்த நாட்டிலும் செல்லுபடியாயிற்று.

2 மே

மேடைப் பேச்சுக்கு வருகிறேன். இதை இணையவழியில் எப்படி நடத்துவார்கள் என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

மகன் எடுத்த பிரிவின் விதி இது: ஒவ்வொரு பேச்சையும் ஐந்து பெரியவர்கள் முன்னால் நின்று பேச வேண்டும், பதிவின் தொடக்கத்தில் கேமராவைத் திருப்பி அந்த ஐந்து பேரையும் காட்ட வேண்டும், இடையில் வெட்டி ஒட்டக் கூடாது, பேசுபவரின் தலை முதல் கால் வரை தெரிய வேண்டும். ஆறு வாரத்தில் நான்கு பேச்சுகள். எல்லாப் பிரிவுகளிலும் எண்ணிக்கை இதேதான் என்று எண்ண வேண்டாம். சிலவற்றில் ஜூமில் சக மாணவர்கள் முன்னால் நேரலையாகப் பேச வேண்டும். எதுவானாலும், கேட்பவர் இல்லாமல் பேச்சுப் பாடம் இல்லை.

ஐந்து பெரியவர்களை வார நாளில் ஒரு கூடத்தில் உட்கார வைப்பது எவ்வளவு கடினம் என்பது அதற்கு முன் எனக்குத் தெரியாது. நான், கணவர், கரூரிலிருந்து வந்திருந்த மாமியார், பக்கத்து வீட்டு இணையர். மாமியாருக்கு ஆங்கிலம் தெரியாது. பேச்சுப் போட்டி என்று நாங்கள் சொன்னதைப் பட்டிமன்றம் என்று எடுத்துக்கொண்ட அவர், மகன் பேசி முடித்ததும், “எதிரணி யாரு?” என்று கேட்டார். அது பதிவில் இருக்கிறது. தொடர் பதிவாக இருக்க வேண்டும் என்பதால் வெட்டவும் முடியவில்லை.

அன்று நாங்கள் சிரித்ததோடு அது முடிந்துபோயிற்று. ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார்: “இவன் எங்க யாரையும் பார்க்கலையே, அந்த போனையே பார்த்துப் பேசுறான்.” அடுத்த வாரம் ஆசிரியரின் மதிப்பீடு வந்தது. பேச்சின் அமைப்புக்கு முழு மதிப்பெண். கண்தொடர்புக்குப் பாதி, நீ அவையிடம் பேசவில்லை, லென்ஸிடம் பேசுகிறாய் என்று குறிப்பு. ஆங்கிலம் தெரியாத எழுபது வயது அம்மாவும் பேச்சுக்கலை கற்பிக்கும் ஆசிரியரும் ஒரே குறையைக் கண்டார்கள். சொல் புரியாததால் அவர் மற்ற எல்லாவற்றையும் கவனித்திருக்கிறார்.

3 மே

கோடையில் எடுத்தது பிறகு பயன்படுமா என்ற கேள்விக்கு: கலிஃபோர்னியாவின் பொதுப் பல்கலைக்கழகங்களுக்குள் என்றால் அசிஸ்ட் இணையதளத்தில் கல்லூரியையும் பல்கலைக்கழகத்தையும் தேர்ந்தெடுத்தால், எந்தப் பாடம் எதற்கு ஈடாக ஏற்கப்படும் என்று வரிசையாகக் காட்டும். அதில் இல்லாத ஒன்றை யார் வாய்மொழியாகச் சொன்னாலும் நம்ப வேண்டாம். 2025 இலையுதிர் பருவத்திலிருந்து, கம்யூனிட்டி கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு இடமாறும் மாணவர்களுக்கான பொதுக்கல்விப் பாடத் தொகுப்பு, கால்-கெட்சி என்ற பெயரில் மாநிலத்தின் இரு பொதுப் பல்கலைக்கழக அமைப்புகளான யூசிக்கும் சிஎஸ்யூவுக்கும் ஒன்றாகிறது; 34 யூனிட் கொண்ட அதில் வாய்மொழித் தொடர்பு ஒரு கட்டாயப் பகுதி. மேடைப் பேச்சுக்கு எல்லாக் கம்யூனிட்டி கல்லூரிகளிலும் சி1000 என்ற ஒரே எண் வருவதும் இந்தப் பருவத்தில்தான். ஆகவே மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் நான் பேச்சைச் சொல்வேன். எந்தத் துறைக்குப் போனாலும் வீண்போகாது.

தனியார் பல்கலைக்கழகங்களும் பிற மாநிலங்களும் தத்தம் விதிப்படி நடப்பவை. அவற்றிடமே கேட்க வேண்டும்.

இன்னொன்று. பள்ளியில் படிக்கும்போது எடுத்தாலும் இது கல்லூரி கிரேடு. ட்ரான்ஸ்க்ரிப்ட்டில், அதாவது கல்லூரி மதிப்பெண் பதிவேட்டில், நிரந்தரமாக இருக்கும். சி வாங்கிவிட்டால் திரும்ப எடுத்து உயர்த்த முடியாது. டி, எஃப் போன்ற தேறாத கிரேடுகளுக்குத்தான் மறுமுறை எடுக்க வழி உண்டு. 16 வயதில், ஆறு வாரத்தில், மூன்று பாடங்களில் இந்தச் சூதாட்டம் தேவையா?

18 மே

கல்வியியல். இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், என் பிழைப்பு இதில் இருப்பதால் நீளமாகிவிடும் என்ற அச்சம்.

நீங்கள் குறிப்பிடும் கல்வியியல் அறிமுகம், தொடக்கப் பள்ளி ஆசிரியராக விரும்புவோருக்கான முதல் பாடம். மாநில அளவில் வகுத்த அதன் வரையறையில் குறைந்தது 45 மணி நேரம் அரசுப் பள்ளி வகுப்பறையில் உட்கார்ந்து கவனிக்க வேண்டும் என்று இருக்கிறது. கோடையில் எந்தப் பள்ளி திறந்திருக்கிறது? கோடைக்காலப் பள்ளிகள் நடக்கும் மாவட்டங்களில் ஓரளவு இடம் கிடைக்கலாம். அதற்கும் காசநோய்ப் பரிசோதனையும் சில இடங்களில் கைரேகைப் பதிவும் கேட்பார்கள், அவற்றுக்கே வாரங்கள் ஆகிவிடும். நீங்கள் பார்த்த பிரிவு முழுக்க இணையவழி என்று எழுதியிருந்தாலும், அந்த 45 மணி நேரத்தை எங்கே கழிக்கச் சொல்கிறார்கள் என்று ஆசிரியருக்கு இப்போதே ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்.

நான் எடுத்தது வேறு வரிசை, குழந்தை வளர்ச்சி. 2016இல் எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கானது) வீட்டில் இருந்தேன். வேலை அனுமதிக்கு விண்ணப்பித்துக் காத்திருந்த காலம். கலிஃபோர்னியாவில் தனியார் பாலர் பள்ளியில் ஆசிரியராக முழுத் தகுதி பெற, குழந்தைக் கல்வியில் 12 செமஸ்டர் யூனிட் வேண்டும். 6 யூனிட் இருந்தால் வேலையில் சேர்ந்துவிட்டு மீதியைப் பருவந்தோறும் படித்து முடிக்கலாம். இதை எனக்குச் சொன்னவர் பூங்காவில் ஊஞ்சலை ஆட்டிக்கொண்டிருந்த ஒரு மதுரைக்காரப் பெண். அவர் சொல்லாமல் போயிருந்தால் நான் கணினி மொழி ஏதாவது கற்கப் போய், பாதியில் விட்டிருப்பேன். அந்தக் கோடையில் குழந்தை வளர்ச்சியும், அடுத்த கோடையில் குழந்தை, குடும்பம், சமூகம் என்ற பாடமும் எடுத்தேன். இரண்டும் எட்டு வாரம். எட்டு வாரத்தில் 3 யூனிட் என்றால் வாரத்துக்கு 18 முதல் 20 மணி நேரம். மகன் தூங்கிய பிறகு நாளுக்கு இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல் என்ற வீதத்தில் அதை இழுத்துவிடலாம். ஆறு வாரத்துக்கும் எட்டு வாரத்துக்கும் இடையே தாளில் இரண்டு வாரம்தான் வித்தியாசம், உடம்புக்கு அது வேறு கணக்கு.

முதல் வீட்டுப்பாடம் ஒரு குழந்தையை முப்பது நிமிடம் கவனித்து எழுதுவது. பக்கத்து வீட்டு மூன்று வயதுச் சிறுமியைக் கவனித்து, “பொம்மையைக் கொடுக்காததால் அடம்பிடித்தாள், பிறகு சமாதானமானாள்” என்று எழுதினேன். ஆசிரியர் இரண்டு வினைகளையும் சிவப்பில் வட்டமிட்டு, இவற்றில் நீங்கள் கண்ணால் கண்டது எது என்று கேட்டிருந்தார். அடத்தை நான் காணவில்லை. அவள் வலது காலால் தரையை இரண்டு முறை தட்டியதைக் கண்டேன், முகத்தை அம்மாவின் பக்கம் திருப்பியதைக் கண்டேன், பொம்மையின் கையை விடாமல் பதினைந்து விநாடி பிடித்திருந்ததைக் கண்டேன். அடம் என்பது நான் போட்ட பெயர். எட்டு ஆண்டுகளாகப் பாலர் பள்ளியில் ஒவ்வொரு நாளும் குறிப்பு எழுதுகிறேன்; அந்தச் சிவப்பு வட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது. இணையவழியில் முகம் காணாத ஆசிரியரிடம் கற்றதுதான் அது. ஆகவே இணையவழிப் பாடமே பயனற்றது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குழந்தையைக் கவனிக்கும் பாடத்தை இணையத்தில் படிக்கலாம்; ஆனால் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ ஒரு குழந்தை இருக்க வேண்டும். செய்முறைப் பயிற்சிப் பாடத்தை மட்டும் நான் நேரில்தான் முடித்தேன். அதற்குத் தடுப்பூசிச் சான்றும் கேட்டார்கள்.

19 மே

விசா பற்றி மூன்று கேள்விகள் வந்துவிட்டதால் சுருக்கமாக. எச்-4இல் இருப்பவர்கள் படிக்கத் தடையில்லை. படிப்பு வேறு, வேலை வேறு: வேலைக்கு அனுமதி அட்டை வேண்டும், 2015 மே முதல், எச்-1பி கணவர் அல்லது மனைவியின் கிரீன் கார்டு மனு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியவர்களுக்கு அது கிடைக்கிறது. எஃப்-2இல் (எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கானது) இருப்பவர்கள் பகுதிநேரமாகப் படிக்கலாம். எஃப்-1 மாணவர்களுக்கு ஒரு பருவத்தின் முழுநேரக் கணக்கில் ஒரே ஓர் இணையவழிப் பாடம்தான் சேரும். கோடை உங்கள் விடுமுறைப் பருவமா என்பதைப் பொறுத்து இது மாறும் என்பதால் கல்லூரியின் பன்னாட்டு மாணவர் அலுவலரிடம் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள்.

17 ஜூன்

ஆறு வாரப் பிரிவுகள் நேற்றுத் தொடங்கியிருக்கும். கேள்வி கேட்டவர் கணக்கியலிலும் பேச்சிலும் மகள் சேர்ந்துவிட்டாள் என்று எழுதியிருக்கிறார். கல்வியியலில் 45 மணி நேரத்தைப் பற்றி மின்னஞ்சல் அனுப்பியதில், அந்தப் பிரிவு கோடைக்கு ஏற்றதல்ல, வசந்த பருவத்தில் வாருங்கள் என்று பதில் வந்ததாம். நல்லது. நேர்மையான ஆசிரியர்.

இன்றே செய்ய வேண்டியது ஒன்று. பாடம் நடக்கும் இணையதளமான கேன்வாஸில் நுழைந்து முதல் வாரப் பணியை, அது ஒரு வரி அறிமுகமாக இருந்தாலும், முடித்துவிட வேண்டும். நுழையாதவர்களை ஆசிரியர்கள் முதல் சில நாள்களிலேயே நீக்குகிறார்கள். முன்பு இவ்வளவு கெடுபிடி இல்லை. நிதியுதவிப் பணத்தைச் சுருட்டுவதற்காகப் போலிப் பெயர்களில் கூட்டமாகப் பதிவு செய்யும் மோசடி கலிஃபோர்னியக் கம்யூனிட்டி கல்லூரிகளில் பரவியதிலிருந்து, நீங்கள் மனிதர்தானா என்பதை ஆசிரியர் உறுதி செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. வெயிட்லிஸ்டில் மகன் 11ஆம் இடத்திலிருந்து மூன்றே நாளில் உள்ளே போனதன் காரணம் அப்போது புரியவில்லை, இப்போது புரிகிறது: முன்னால் இருந்தவர்களில் போலிகள் இருந்திருக்க வேண்டும்.

விலகுவதற்கான நாள்களையும் குறித்துக்கொள்ளுங்கள். குறுகிய காலப் பாடங்களில் முதல் 10 சதவீத காலத்துக்குள் விலகினால்தான் பணம் திரும்பக் கிடைக்கும். ஆறு வாரத்தில் அது மூன்றாம் நாளோ நான்காம் நாளோ. ட்ரான்ஸ்க்ரிப்ட்டில் சுவடில்லாமல் விலகுவதற்கான நாள், ஏறக்குறைய 20 சதவீதத்தில், இரண்டாம் வாரத் தொடக்கத்தில் முடிந்துவிடும். டபிள்யூ என்ற குறியுடன் விலகுவதற்கு அதிகபட்சம் 75 சதவீதம் வரை. 16 வாரப் பாடத்தில் முதல் தேர்வு எழுதிப் பார்த்து முடிவு செய்யலாம். இங்கே முதல் தேர்வுக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்.

25 ஜூன்

கணக்கியலிலிருந்து மகள் விலகிவிட்டாளாம், டபிள்யூ குறி விழுவதற்கு முதல் நாள் இரவு. அப்பா வருத்தமாக எழுதியிருக்கிறார். நான் சேர வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லாமல் விட்டேனோ என்று ஏப்ரல் 13 குறிப்பைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். பி கிரேடு கிடைத்தது என்று ஒரு வரியில் முடித்திருக்கிறேன். அது தவறான நம்பிக்கை கொடுத்திருக்கக்கூடும். அந்த ஆறு வாரமும் மாமியார் எங்களுடன் இருந்தார்; சமையல், மகனைக் கவனிப்பது, துணி மடிப்பது எல்லாம் அவர் செய்தார். அவர் இல்லாமல் அந்த பி இல்லை. அதைக் குறிப்பில் எழுதியிருக்க வேண்டும்.

8 ஜூலை

டிஸ்கஷன் பதிவுகளை, அதாவது வகுப்பின் பக்கத்தில் எழுதும் கலந்துரையாடலைப் பற்றி ஒருவர் எரிச்சலோடு கேட்கிறார்: புதன் இரவு 11:59க்குள் மூன்று பத்தி, ஞாயிறு இரவுக்குள் இரண்டு பேருக்குப் பதில், எதற்கு இந்தச் சடங்கு? நான் நினைத்திருந்தது: 2021 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசு விதி, ஆசிரியர் மாணவரோடு பாடத்தைப் பற்றித் தொடர்ந்து, ஆழமாக உறவாடவில்லை என்றால் அதை இணையவழிக் கல்வியாகக் கருதாமல் அஞ்சல்வழிக் கல்வியாகக் கருதுகிறது, நிதியுதவி பாதிக்கப்படும், அதனால்தான் எல்லாரும் டிஸ்கஷன் வைக்கிறார்கள்.

8 ஜூலை, சற்றுப் பிறகு

நான் சொன்னது பாதிதான் சரி. அந்த விதி கேட்பது ஆசிரியரின் உறவாடலை. மாணவர்கள் ஒருவருக்கொருவர் “உங்கள் கருத்தோடு முழுமையாக உடன்படுகிறேன்” என்று எழுதிக்கொள்வது அதில் சேராது. ஆசிரியர் உள்ளே வந்து ஒரு சொல்லும் எழுதாத டிஸ்கஷன் வெறும் சடங்குதான் என்பதை ஏற்கிறேன். 2024 கோடையில் நான் எடுத்த வணிகத் தொடர்புப் பாடத்தில் முப்பது பதிவுகளில் பத்துக்கு மேல் ஒரே மாதிரி தொடங்கின, ஒரே மாதிரி முடிந்தன. யார் எழுதிக் கொடுத்தது என்று சாட்ஜிபிடியைத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். மூன்றாம் வாரம் ஆசிரியர் எழுத்துப் பதிவை நிறுத்தி, இரண்டு நிமிடம் முகம் காட்டிப் பேசிப் பதில் அனுப்பச் சொன்னார். அதன் பிறகுதான் வகுப்பில் லாரி ஓட்டுநர் ஒருவரும், இரண்டு பேரப்பிள்ளைகளை வளர்க்கும் ஒரு பாட்டியும் இருப்பது தெரிந்தது. வாடிக்கையாளருக்கு மறுப்புக் கடிதம் எழுதுவது எப்படி என்ற பாடத்தில், சரக்கு தாமதமாவதைத் தொலைபேசியில் சொல்லும் தொழிலில் இருக்கும் அந்த ஓட்டுநர் பேசியது பாடநூலைவிடப் பயன்பட்டது: கெட்ட செய்தியை முதல் வாக்கியத்தில் சொல், காரணத்தை இரண்டாவதில் சொல், வருத்தத்தை ஒரு முறைக்கு மேல் சொல்லாதே.

பாடநூல் இதற்கு நேர்மாறாக, கெட்ட செய்தியை மெத்தை வைத்து நடுவில் சொல்லச் சொல்கிறது. தேர்வில் பாடநூல்படி எழுதினேன், பள்ளியில் பெற்றோருக்கு ஓட்டுநர்படி எழுதுகிறேன்.

23 ஜூலை

மகளின் கடைசிப் பேச்சுக்கு ஐந்தாவது பெரியவர் கிடைக்கவில்லை, யாராவது வர முடியுமா என்று அவள் அப்பா நேற்று இங்கே கேட்டிருந்தார். நான் போயிருந்தேன். ஃப்ரீமான்ட்டிலிருந்து சான் ரமோன் மாலை நெரிசலில் ஒரு மணி நேரம்.

தொலைபேசியைத் தொலைக்காட்சி மேசைமீது, எங்களுக்குப் பக்கவாட்டில் வைத்திருந்தார்கள். முதல் ஒத்திகையில் அவள் எங்களை விட்டுவிட்டு மேசையைப் பார்த்தே பேசினாள். என் மாமியார் சொன்னது நினைவுக்கு வந்தது. தொலைபேசியை எடுத்து என் நாற்காலிக்குப் பின்னால், புத்தக அலமாரியில், என் தோள் உயரத்துக்கு மேலே வைக்கச் சொன்னேன். இப்போது எங்களைப் பார்த்தால் லென்ஸையும் பார்த்ததாகிவிடும். இரண்டாம் முறை அவள் என்னையும் பக்கத்தில் இருந்த அவள் தாத்தாவையும் மாறி மாறிப் பார்த்துப் பேசினாள். பள்ளிகள் காலையில் பிந்தித் தொடங்க வேண்டும் என்பது தலைப்பு. தாத்தாவுக்கு உடன்பாடில்லை, முகத்தைச் சுளித்தார். அதைக் கண்டதும் அவள் ஒரு கணம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, அவருக்கென்று ஒரு வாக்கியத்தைத் திரும்பச் சொன்னாள். எழுதி வைத்திருந்த பேச்சில் அந்த வாக்கியம் ஒரு முறைதான் இருந்ததாம்.

9 ஆகஸ்ட்

பேச்சில் ஏ என்று அப்பா எழுதியிருக்கிறார். கணக்கியலை இலையுதிர் பருவத்தில் 16 வாரப் பிரிவில் எடுக்கப் போகிறாளாம், வெயிட்லிஸ்டில் மூன்றாம் இடம். பள்ளி திறந்ததும் முதல்வரின் கையெழுத்து மீண்டும் வேண்டும். கோடைக்கு வாங்கியது இதற்குச் செல்லாது. முதல் வாரத்திலேயே போய் நில்லுங்கள்.